வியர்வையை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

புதிதாக எழுத வருபவர்களின் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. சிறுகதைத் தொகுப்போ முதல் நாவலோ, பெரும்பாலும் அதில் ஓர் அப்பா வந்துவிடுவார். உழைப்பார். வியர்வை வழியும், கை காய்த்துப்போயிருக்கும். பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருமுவார். சரி, மனிதர் என்னதான் வேலை பார்த்தார் என்று தேடினால், 'டெய்லர் கடை வைத்திருந்தார்' என்று ஒரு வரி கிடைக்கும். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடைக்குள்ளேயே வளர்ந்தவர் எழுதியதாக இருக்கும் அது.

அப்படி ஒரு கைப்பிரதி வந்தபோது, எழுதிய பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா லேடீஸ் டெய்லர். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அளவு ஜாக்கெட்டைப் பாத்தே அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு அப்பா சொல்லிடுவார் சார்." எப்படி என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டு, 'இதைவிட ஒரு இன்ச் லூசா' என்பார்களாம். பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்த தடம் உள்பக்கத்தில் கோடு கோடாகக் கிடக்கும். உடம்பு எப்போது பெருத்தது, எப்போது இளைத்தது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளே நிறையத் துணி விட்டுத் தைக்கச் சொல்பவருக்கு அடுத்த ஜாக்கெட் எப்போது என்று நிச்சயமில்லை. அளவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு துண்டுத் துணி குத்தியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஹூக் வைத்து ஹெம்மிங் செய்கிற அக்கா வராமல் போனால், வீடே ஊசியும் கையுமாக ராத்திரி விழித்திருக்கும்.

இதில் ஒன்றுகூடக் கைப்பிரதியில் இல்லை. "இதையெல்லாம் யார் சார் படிப்பாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. வீட்டுத் தொழில் என்றால் கதைக்கு ஒரு 'பின்னணி' என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது பின்னணி இல்லை. எதைக் கவனிப்பது என்பதையே அதுதான் பழக்கிவிடுகிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இரண்டு பேர் வாயால் ஒன்று பேசிக் கையால் வேறொன்று பேசும் காட்சியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எழுத உட்கார்ந்ததும் தரகை மறந்துவிட்டு, சினிமாவில் கேட்ட வசனத்தைப் போய்த் தேடுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் நோபல் பரிசு பெற்றவர். நார்மண்டியில் இவெத்தோ என்ற சிற்றூரில் அவருடைய பெற்றோர் மளிகைக்கடையும், அதோடு சேர்ந்த ஒரு கஃபேயும் நடத்தினார்கள். அப்பா பண்ணையாளாக இருந்து, ஆலைக்குப் போய், அப்புறம் கடைக்காரர் ஆனவர். மகள் படித்து ஆசிரியர் தேர்வில் தேறினார். 1967இல், தேறிய இரண்டே மாதத்தில் அப்பா இறந்துவிட்டார். அவரைப் பற்றிய புத்தகம் 1983இல்தான் வந்தது. முதலில் நாவலாகத்தான் தொடங்கியிருக்கிறார். பாதியில் அவருக்கே அருவருப்பாகிவிட்டது, நிறுத்திவிட்டார். பிறகு உருக்கமோ அலங்காரமோ இல்லாத ஒரு தட்டை நடைக்கு வந்தார். ஒருகாலத்தில் தான் பெற்றோருக்கு, முக்கியமான சேதிகளை மட்டும் சொல்லி எழுதிய கடிதங்களின் நடை அது என்று அந்தப் புத்தகத்திலேயே சொல்கிறார். அப்பா அம்மாவை வேடிக்கைப் பொருளாக்கவும் கூடாது. கடனுக்கு வாங்கும் வாடிக்கையாளர்கள், கடை வருமானம் பற்றாமல் வெளியே வேலைக்கும் போன அப்பா, போட்ட முதலையே தின்றுவிடுவோமோ என்ற ஓயாத பயம் எல்லாம் அதில் உண்டு. பரிதாபப்படுங்கள் என்று ஓரிடத்திலும் நம்மைக் கேட்பதில்லை. கடை அந்த எழுத்துக்குக் கொடுத்தது கதையை மட்டுமல்ல. வாக்கியத்தையும் அதுதான் கொடுத்தது. எனக்கு எர்னோவிடம் பிடித்ததே இதுதான்.

நம் பக்கமும் உதாரணத்துக்குக் குறைவில்லை. பெருமாள்முருகனின் அப்பா திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்தார். தியேட்டருக்குள் சோடா விற்கும் பையன்களின் உலகம் 'நிழல் முற்றம்' நாவலாக வந்தது. கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் செய்த எம்.வி. வெங்கட்ராம், சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை 'வேள்வித் தீ' நாவலில் எழுதினார். அதற்காக, சொந்த வீட்டுத் தொழிலைத்தான் எழுதவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் சலவைத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. அவர் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவரல்ல. பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

இன்னொன்று, அம்மாக்கள். தன்குறிப்பில் 'அம்மா இல்லத்தரசி' என்று எழுதியிருப்பார்கள். விசாரித்தால் தென்காசிப் பக்கம், அம்மா காலையிலிருந்து ராத்திரி வரை பீடி சுற்றியிருப்பார். மடியில் தட்டு, தகட்டை வைத்துக் கத்தரித்த இலை, தூள், நூல். கட்டி எடுத்துக்கொண்டு போனால் கடையில் சரியில்லை என்று கழித்துப்போடும் பீடி எவ்வளவு, பாஸ்புக்கில் ஏறியது எவ்வளவு என்ற கவலை வேறு. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுகூடத் தட்டு மடியில்தான். அது வேலையாகவே யார் கண்ணிலும் படவில்லை. எழுத வந்த பிள்ளையின் கண்ணிலும்கூட!

இவ்வளவு சொன்னாலும் ஒரு விஷயத்தில் நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. நம் ஊரில் 'அப்பா என்ன பண்றார்?' என்ற கேள்வி பல நேரம் சாதியை விசாரிக்கும் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமலே பள்ளி, கல்லூரி, அலுவலகம் என்று தாண்டிவந்தவர்கள் அதை எழுத்திலும் மறைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. பதிப்பகங்கள் இன்னாருடைய மகன், இன்ன தொழிலாளியின் மகள் என்று பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு விற்பது எனக்கு உடன்பாடில்லை. தாசில்தார் மகன் எழுதினால் பின்னட்டையில் அப்படிப் போடுகிறோமா?

எழுதத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு யோசனை. 'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கப்பா' என்று ரெக்கார்டரை நீட்டாதீர்கள். அவரும் மேடையில் பேசுவதுபோல 'நாங்கள்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டோம்' என்று தொடங்கிவிடுவார். கையில் வேலை இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். கூலி எவ்வளவு, கடன் யார் தருவார்கள், வேலை கெட்டுப்போனால் யார் தலையில் விழும், எந்த மாதம் கடை காற்று வாங்கும் என்று கேளுங்கள். தொழில் செய்கிறவர்கள் வாடிக்கையாளர்களுக்குத் தங்களுக்குள் வைத்திருக்கும் பட்டப்பெயர்களைக் கேளுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும். தொழிலை விட்டுவிட்டவர் என்றால் பழைய சாமான் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கணக்கு நோட்டு கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைச்சொற்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு போடவும் வேண்டாம். ஒருவர் அந்தச் சாமானை எடுத்து வேலை செய்யும்போது அது என்னவென்று வாசகருக்கே விளங்கிவிடும்.

அடுத்தது பலர் யோசிக்காதது. தொழில் ரகசியம் உங்களுடையது இல்லை. டெய்லர் மகளின் கதையில் வரும் ஜாக்கெட்டுகளுக்குள் அதே தெருவில் இன்றும் நடமாடும் பெண்கள் இருக்கிறார்கள். நம்பித்தான் அளவு கொடுத்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது; சொந்த ஊரில் யாரும் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. புடவை நிறம், தெரு, வீட்டுக்காரர் வேலை எல்லாவற்றையும் கலைத்துப்போடுங்கள். இரண்டு பேரை ஒருவராக்குங்கள். அப்பாவின் கடன், மீட்டரில் அவர் மிச்சம் பிடித்த துணி, எடையைத் தட்டிக் குறைத்த கை இதையெல்லாம் எழுதுவதாக இருந்தால், அவர் இன்னும் கடை திறக்கிறாரா என்பதையும் யோசியுங்கள். புத்தகம் வந்த மறுநாளும் அவர் அதே ஷட்டரைத் தூக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கங்களை வீட்டில் வாசித்துக் காட்டிவிடச் சொல்கிறேன். சண்டை வரும் என்று பயப்படுகிறார்கள். சில வீடுகளில் வரவும் செய்கிறது, ஓர் அத்தியாயம் போகவும் செய்கிறது. நான் கேள்விப்பட்டவரை, பெரும்பாலும் நடப்பது வேறு. டெய்லர் அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வெட்டுறதுக்கு முன்னாடி துணிய நனைச்சுக் காயப்போடணும்மா, அத விட்டுட்ட."