கையைத் தூக்கினால் மூச்சு வரும்: ஹோல்கர் நீல்சன் கண்ட வழி

உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். விலா விரிகிறது, மூச்சு தானாக உள்ளே வருகிறது. மார்புத் தசையின் ஒரு முனை விலாக்கூட்டிலும் மறுமுனை மேற்கையிலும் ஒட்டியிருப்பதால், கை போகிற பக்கம் விலாவும் இழுபடுகிறது. இந்த இழுப்பை வைத்து உயிர்காக்கும் முதலுதவி முறை ஒன்றை அமைத்தவர் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன்.

1866-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர், ராணுவ அதிகாரி. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வட்டு எறிந்தார், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் சேபர் வாள்வீச்சில் வெண்கலம், கைத்துப்பாக்கி சுடுதலில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். அப்புறம் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, 1906-இல் ஹேண்ட்பால் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். தன் செயற்கைச் சுவாச முறையை அவர் வெளியிட்டது 1932-இல், 65 வயதில். அவருடைய பதக்கங்களைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்கு முன் பரவலாக இருந்தது ஷேஃபர் முறை. ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகின் கீழ்ப்பக்கம் அழுத்துவார்கள், விடுவார்கள். விட்டதும் மார்பு தானாக எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவு காற்றுதான் உள்ளே போகும். காற்றை வெளியே தள்ள ஆள் இருந்தது, உள்ளே இழுக்க யாரும் இல்லை.

நீல்சன் அந்த இன்னொரு பாதியையும் சேர்த்தார். குப்புறக் கிடப்பவரின் கைகளை மடக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்துவிட வேண்டும். உதவுபவர் தலைமாட்டில் மண்டியிட்டு, முதுகில் இரு அக்குள்களையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையை மடக்காமல் முன்னே சாய்வார். அவருடைய எடையே அழுத்த, காற்று வெளியேறும். பிறகு பின்னே சாய்ந்தபடி, கிடப்பவரின் முழங்கைகளுக்குச் சற்று மேலே பிடித்துத் தன் பக்கமாகத் தூக்குவார். விலாக்கூடு விரியும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று நுழையும். நிமிடத்துக்கு 10 முதல் 12 தடவை. இதில் புஜபலத்துக்கு அதிக வேலை இல்லை. முன்னும் பின்னும் ஆடும் உடம்பின் தாளம்தான் எல்லாம். அதனால் ஒல்லியானவரும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் இதை ஏற்றது. நம் ஊர் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பாடத்தில், மின் அதிர்ச்சிக்கான முதலுதவியில் வரும் 'நெல்சன் முறை' இதுதான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. மயங்கியவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டால், மார்பை எவ்வளவு அசைத்தும் பயனில்லை. 1950-களின் கடைசியில் பீட்டர் சஃபார், ஜேம்ஸ் ஈலம் ஆகிய மருத்துவர்கள், தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேல் என்று காட்டினார்கள். நாம் வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அவசரத்துக்கு அது போதும்.

பின்னர் நெஞ்சை அழுத்துவதும் முதலுதவியில் சேர்ந்தது. ஆகவே இன்று ஒருவர் அசைவும் மூச்சும் இல்லாமல் கிடந்தால், நீல்சன் முறையைத் தேட வேண்டாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள்.