பெட்டிக்குள் சத்தம் இல்லை

மந்தைவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் சென்ற மார்கழியில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, புது கீபோர்டு வாங்கி மூன்று நாளாகிறது. விளக்கு எரிகிறது, ஒரு முனகல்கூட வரவில்லை. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதற்குள் நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்." சாலிகிராமத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட அழைப்பு மாதம் நாலைந்தாவது வரும். போய்ப் பார்த்தால், 49 கட்டைகள் கொண்ட மிடி கன்ட்ரோலர் ஒன்று ஊஞ்சல் பலகையின்மேல் கிடந்தது. பின்பக்கம் இருந்த பெரிய துளையில் ஒரு மாற்றுப் பின்னைப் போட்டு ஹெட்போனைச் செருகியிருந்தார். அது சுரத்தை நீட்டி நிறுத்தும் கால் பெடலுக்கான துளை.

"சார், இதற்குள் சத்தமே கிடையாது" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பியானோ மாதிரி ஒன்றைச் செய்து, காசையும் வாங்கிக்கொண்டு, சத்தத்தை மட்டும் வைக்காமல் விற்பார்களா? நியாயமான கேள்விதான். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர்களுக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. பழுது என்று என்னிடம் வரும் கீபோர்டுகளில் உண்மையிலேயே பழுதானவை மிகக் குறைவு.

மிடி கன்ட்ரோலர் அனுப்புவது ஒலியை அல்ல, செய்தியை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு, எப்போது விடப்பட்டது என்பதை எண்களாகக் கணினிக்குச் சொல்லும், அவ்வளவுதான். சுரக்குறிப்பு எழுதிய தாள் தானாகப் பாடாது, பாடகர் ஒருவர் வேண்டும். இங்கே பாடகர் கணினியில் உள்ள மென்பொருள் வாத்தியம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் மிடி, இன்றும் அதுவே அடிப்படை. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள், விசைக்கும் அதே அளவு, செய்தி போக மொத்தம் 16 சேனல்கள், அதாவது தனித்தனித் தடங்கள். 2020இல் மிடி 2.0 வந்துவிட்டது, ஆனாலும் வீட்டில் முதன்முதலாக வாங்கும் கீபோர்டு பெரும்பாலும் பழைய மொழியில்தான் பேசும். அதனால் ஒரு குறையும் இல்லை.

இது புரிந்துவிட்டால் கோளாறைத் தேடுவது எளிது. விரலில் தொடங்கிக் காதுவரை செய்தி போகும் வழியில் நாமும் நடந்து போக வேண்டும்.

முதலில் கேபிள். ரிச்சி தெருவில் கை நிறைய அள்ளிவரும் மலிவுக் கேபிள்களில் சில, போன் சார்ஜ் செய்ய மட்டுமே ஆனவை. மின்சாரம் போகும், தகவல் போகாது. கீபோர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சந்தேகம் இருந்தால் அதே கேபிளில் போனைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். போனில் உள்ள படங்கள் கணினியில் திறக்கவில்லை என்றால் கேபிள்மேல் சந்தேகம் கொள்ளலாம். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் மவுஸ், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு எல்லாவற்றையும் தொங்கவிடுவதும் வேண்டாம். நேரே மடிக்கணினியில் செருகுங்கள்.

அடுத்தது கணினியில் உள்ள இசைப்பதிவு மென்பொருள். கீபோர்டை இணைத்த பிறகு மென்பொருளைத் திறப்பது நல்ல பழக்கம். திறந்த பிறகு செருகினால் சில மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. பல விண்டோஸ் கணினிகளில் கீபோர்டின் மிடி போர்ட்டை, அதாவது செய்தி நுழையும் வாசலை, ஒரே சமயத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். பின்னால் வேறு ஏதாவது இசைச் செயலி திறந்து கிடந்தால் அதை மூடுங்கள். பிறகு அமைப்புகளுக்குப் போய் கீபோர்டின் பெயருக்கு அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு மென்பொருளிலும் இது ஒவ்வொரு விதம். எஃப்எல் ஸ்டுடியோவில் எஃப்10 அழுத்தி, மிடி பக்கத்தில் அதன் பெயரைத் தேர்ந்து எனேபிள் செய்ய வேண்டும். ஏபிள்டன் லைவில் அந்தக் கீபோர்டின் வரிசையில் டிராக், சிங்க், ரிமோட் என்று பொத்தான்கள் இருக்கும். வாசிக்க டிராக் போதும், திருகுகள் வேலை செய்ய ரிமோட் தேவை. லாஜிக் பெரும்பாலும் தானாகவே எடுத்துக்கொள்ளும். ரீப்பரில் அனுமதித்த பிறகும் டிராக்கில், அதாவது பதிவு விழும் வரிசையில், பதிவுப் பொத்தானையும் வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மானிட்டர் பொத்தானையும் இயக்கினால்தான் காதுக்கு எட்டும். ஆசிரியர் வீட்டில் இவ்வளவும் சரியாகி, திரையில் மிடி அடையாளம் மின்னி, அப்போதும் அமைதி. டிராக்கில் வாத்தியம் எதையும் ஏற்றவில்லை. தாள் இருக்கிறது, பாடகர் வரவில்லை. ஒரு மின்பியானோவை ஏற்றினேன். அவர் சுட்டுவிரலால் ஒரு கட்டையைத் தொட்டார், உடனே கையை எடுத்துவிட்டார், மறுபடி தொட்டார்.

அவருடைய கதை அன்றைக்கு அதோடு முடிந்தது. ஆவடியில் இருந்து வந்த இளைஞரின் சிக்கல் வேறு வகை. தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர், தாளத்தில் நல்ல கெட்டி. வீட்டில் பதிவு செய்யும்போது மட்டும் தாளம் தப்புகிறது என்று தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி வைத்துப் பயிற்சி செய்தாராம். அவர் காதில் இருந்தது புளூடூத் ஹெட்போன்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லி நொடி தாமதம் என்றால் மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல; கை பழகிவிடும். சாதாரண புளூடூத் ஹெட்போன்களில் 200 மில்லி நொடித் தாமதம் அபூர்வமல்ல. கிட்டத்தட்ட 70 மீட்டர். கோயில் வாசலில் வாசிக்கும் நாதஸ்வரத்தைத் தெருமுனையில் நின்று கேட்டுக்கொண்டே அதற்குத் தவில் அடிக்கச் சொன்னால் யாரால் முடியும்? கம்பி ஹெட்போன் மாட்டிய உடனே பாதிப் பிரச்சினை போனது.

மீதிப் பாதி பஃபர். கணினி ஒலியை ஒரே மூச்சில் தராது. சிறு பொட்டலங்களாகக் கட்டித் தரும். பொட்டலம் பெரிதானால் தாமதம் கூடும், சிறிதானால் கணினி மூச்சுவாங்கி, ஒலியில் சடசடப்பு வரும். பொட்டலத்தில் உள்ள ஒலித் துணுக்குகளுக்குச் சாம்பிள் என்று பெயர். நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடும்போது பொட்டலத்துக்கு 1024 என்றால் சுமார் 23 மில்லி நொடி, 512க்கு 11.6, 128க்கு 2.9. ஒலிக் கருவியோடு கணினியைப் பேசவைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வாசிக்கும்போது 128இல் தொடங்கிப் பாருங்கள். சடசடத்தால் 256க்கு ஏற்றுங்கள். வாசித்து முடித்து மிக்ஸிங் செய்யும்போது 1024 வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. விண்டோஸ்காரர்கள் ஏசியோ வகை டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை உள்ளே வெளியே கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி இருந்தால் அதன் நிறுவனம் தரும் டிரைவரே உத்தமம், இல்லாதவர்களுக்கு ஏசியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் வாங்கியதும் கைவைப்பது சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில்தான், கமகம் கொடுக்கலாம் என்று. சக்கரமும் செய்தி மட்டுமே அனுப்புகிறது: முழுத் தூரத்தில் இவ்வளவு நகர்ந்திருக்கிறேன் என்று. அந்தத் தூரம் எத்தனை சுரம் என்பதை வாத்தியம்தான் முடிவு செய்யும். பெரும்பாலான வாத்தியங்களில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். ஷட்ஜத்தில் கையை வைத்துச் சக்கரத்தை முழுக்கத் தள்ளினாலும் சதுச்ருதி ரிஷபத்தோடு நின்றுவிடும். சுத்த மத்தியமம்வரை இழுக்க வேண்டுமென்றால் வாத்தியத்தில் அதை ஐந்தாக்க வேண்டும். தேவைக்கு மேல் 12 வைத்தால் விரல் லேசாக நடுங்கினாலும் சுருதி ஆடும்.

இன்னொன்று, இதில் நானே ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். பிட்ச் பெண்ட் செய்தி ஒரு தனிச் சுரத்துக்குப் போவதில்லை, சேனல் முழுவதற்கும் போகிறது. இடக்கையில் ச-ப பிடித்துக்கொண்டு வலக்கையில் காந்தாரத்தை அசைத்தால், கீழே தம்புராவாக நிற்க வேண்டிய ஷட்ஜமும் கூடவே ஆடும். சுருதிப்பெட்டி குடித்துவிட்டது போல இருக்கும். சுருதியைத் தனி டிராக்கில் முதலில் பதிவு செய்துவிட்டு, மேலே வாசியுங்கள்.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானும் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. சுருதிக் கணக்கில் ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை ஜி. சி-யில் பழகிய கை ஐந்து கட்டைப் பாடகிக்கு வாசிக்க வேண்டும் என்று கீபோர்டில் ஏழு அரைச்சுரம் ஏற்றுகிறது, பிறகு மறந்துபோய் மென்பொருளிலும் ஏழு ஏற்றுகிறது. வருவது இரண்டு கட்டை, அதுவும் ஒரு ஸ்தாயி மேலே. ஏதாவது ஒரே இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் தெரியாமல் அழுத்தி வைத்திருந்தால், பல மாடல்களில் இறக்கும் பொத்தானையும் ஏற்றும் பொத்தானையும் ஒருசேர அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். நடு சி-யின் மிடி எண் எங்கும் 60தான். அதைச் சில நிறுவனங்கள் சி3 என்கின்றன, சில சி4 என்கின்றன. காணொளியில் சொன்ன சுரம் உங்களிடம் ஒரு ஸ்தாயி தள்ளி ஒலித்தால் பதற வேண்டாம்.

திருட்டு மென்பொருள் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட மனமில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குக் கீபோர்டு வாங்கியவர்கள், பெட்டிக்குள் இருந்த சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, யாரோ பென் டிரைவில் கொடுத்ததை நிறுவுகிறார்கள். பல கன்ட்ரோலர்களோடு ஏதேனும் ஒரு மென்பொருளின் சுருக்கப் பதிப்பு இலவசமாக வருகிறது; நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைப் பதிவு செய்தால் உரிமம் உங்களுடையது. தொடங்குபவருக்கு அது தாராளம். பென் டிரைவோடு வந்த வைரஸால் மொத்தப் பாடல்களையும் இழந்த ஒருவருக்கு நான் செய்ய முடிந்ததெல்லாம் கணினியைத் துடைத்து, விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்ததுதான்.

மந்தைவெளி ஆசிரியர் போன வாரம் மறுபடி அழைத்தார். இப்போது பெடலும் வாங்கிவிட்டார்.

"தம்பி, காலையில் நன்றாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து எந்தச் சுரமும் நிற்கவே மாட்டேன் என்கிறது. பெடலில் கால்கூட வைக்கவில்லை."

பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும்.

"சார், காலையில் கீபோர்டை ஆன் செய்தபோது நாற்காலி எங்கே இருந்தது?"

சற்று நேரம் பதில் இல்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அதன் கால் பெடலின்மேல் இருந்திருக்கிறது" என்றார்.