பிள்ளை ஏன் கில்டை (விளையாட்டுக் குழுவை) விட்டு வர மறுக்கிறான்? மலையகப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிய வேண்டியவை

ஃப்ரீ ஃபயர் என்ற போன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போனைக் கேட்டால், "டீம் வெயிட் பண்ணுதும்மா" என்பான். பெரியவர்கள் காதில் அது சாக்குப்போக்காக விழும். பெரும்பாலும் அது உண்மை. நால்வர் ஆடும் ஸ்குவாட்டில் ஒருவன் திடீரென்று காணாமல் போனால், அடிபட்டு விழுந்தவனைத் தூக்கிவிட ஆள் குறையும். தோற்றால் மற்றவர்களின் ரேங்க் புள்ளியும் இறங்கும். பாதியில் கழன்றவனுக்கு ஹானர் ஸ்கோர் என்ற நன்னடத்தைப் புள்ளியும் குறையும். அடுத்த முறை அவனைச் சேர்த்துக்கொள்ளவே யோசிப்பார்கள். ஆகவே போனைப் பிடுங்கும் நொடியில் அவனுக்கு வரும் ஆத்திரத்தில், நண்பர்களைக் கைவிட்டுவிட்ட வெட்கமும் கலந்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் கொடுக்கும் தண்டனை எதுவும் பலிப்பதில்லை.

இந்தக் கூட்டத்துக்குள் பிள்ளைகள் போன வழி நமக்குத் தெரிந்ததுதான். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பிலும் ஸூமிலும் பாடம் படிக்க வேண்டும் என்று பல வீடுகளில் கடன்பட்டுப் போன் வாங்கினார்கள். 2017இல் வெளிவந்த ஃப்ரீ ஃபயர், விலை குறைந்த போனிலும் ஓடும். 50 பேர் இறங்கும் ஒரு மேட்ச் 10 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். பப்ஜி மொபைலின் பெரிய வரைபடத்தில் 100 பேர் ஆடுவார்கள், அரை மணி நேரம்கூடப் போகும். பாடத்துக்கு வந்த போனில் விளையாட்டும் குடியேறியது இப்படித்தான்.

ஆனால் தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு. லயத்தில் ஒன்றாக வளர்ந்த அண்ணன்மார் சாதாரண தரம் முடித்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருக்க, பிள்ளை பாட்டியோடு வளர்கிறது. வகுப்புத் தோழன் வீடு அடுத்த தோட்டத்தில். மழையும் மூட்டமும் இறங்கிவிட்டால் வெளியே ஆட இடமில்லை. இரவு கடை மூடியதும் கொழும்பிலிருந்து அண்ணன் லாபியில் (ஆட்டம் தொடங்குமுன் கூடும் திரையில்) பச்சை விளக்கோடு தெரிகிறான், "வாடா தம்பி, ஏறு" என்கிறான். அந்தக் குரலைக் கேட்கத்தான் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

மனிதர் ஒன்றில் ஊன்றி நிற்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்களின் கோட்பாடு: தானே முடிவெடுப்பது, திறமை கூடுவதை உணர்வது, பிறரோடு ஒட்டியிருப்பது. 2006இல் ரயனும் அவரோடு சேர்ந்தவர்களும் வீடியோ கேம்களை ஆராய்ந்தபோது, விளையாட்டின் ஈர்ப்பையும் இதே தேவைகளைக் கொண்டு விளக்க முடிந்தது. நம் பிள்ளையின் ஒரு நாளை இதில் வைத்துப் பாருங்கள். படிப்பின் பலன் தெரிய வருடக்கணக்காகிறது, அதுவும் அடுத்தவனின் புள்ளியோடு ஒப்பிட்டே பேசப்படுகிறது. விளையாட்டில் குறி தவறாமல் சுட்டால் அந்த நொடியே திரையில் தெரிகிறது, மூன்று பேர் "சூப்பர் மச்சான்" என்கிறார்கள். எங்கே இறங்குவது, எப்போது பதுங்குவது என்பதையும் அவனே தீர்மானிக்கிறான்.

இன்னொன்றை நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. வாய்ஸ் சாட்டில் யாழ்ப்பாணத்துப் பையனும் கட்டாரில் வேலை செய்பவனும் மஸ்கெலியாப் பையனும் ஒரே ஸ்குவாட். அங்கே முகவரி கேட்பதில்லை. நகரத்துப் பள்ளியில் 'தோட்டத்துப் பிள்ளை' என்று ஒதுக்கப்பட்டவன், கில்டில் தலைவனாக இருக்கலாம். அந்த மரியாதையை ஒரே அடியில் பறித்துவிட்டு, பதிலுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்?

தங்கவைக்கும் பொறிகளும் உண்டு. தினமும் உள்ளே வந்தால் பரிசு. சீசன் மாறும்போது ரேங்க் கீழே இறக்கப்படுவதால் ஏறியதையே மறுபடி ஏற வேண்டும். கில்ட் புள்ளிக்கு ஒவ்வொருவரின் பங்கும் பட்டியலில் பேரோடு தெரியும். ஸ்பின் என்ற பரிசுச் சுழற்சியில் எப்போது நல்ல பொருள் விழும் என்று தெரியாது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகவே உயிர்கள் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளை வைத்துக் காட்டினார். அதன் மேல் டைமண்டுக்கு (விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயத்துக்கு) கொட்டிய காசும் சேர்ந்தால், ஐடியை, அதாவது தன் விளையாட்டுக் கணக்கை, விட்டு வர மனம் வராது.

நள்ளிரவு விளையாட்டைப் பார்த்ததும் 'அடிமையாகிவிட்டான்' என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் டேட்டா பொதியைப் பாருங்கள். பகலுக்கும் இரவுக்கும் டேட்டாவைப் பிரித்துத் தரும் பொதிகளில், 12 மணிக்குப் பிறகே தாராளமாகக் கிடைக்கும். பாவிப்போர் குறைவதால் அந்த நேரத்தில் சிக்னலும் சீராகும், பிங் என்ற தாமதமும் குறையும். பொதியை மாற்றியதும் தூங்கும் நேரம் முன்னுக்கு வந்துவிடக்கூடும். அப்படியும் மாறாவிட்டால்தான் அடுத்த கேள்வி.

நேரக் கட்டுப்பாட்டை மணிக்கணக்கில் போடாமல் மேட்ச் கணக்கில் போடுங்கள். "எட்டரைக்கு நிறுத்து" என்றால் நடு ஆட்டத்தில் சண்டைதான். "ரெண்டு மேட்ச், முடிஞ்சதும் போன் மேசைக்கு வரணும் தம்பி" என்றால் அவனுக்கும் டீமிடம் சொல்ல முடியும். தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். பேசியபடி வந்தால் அன்றைக்கு வேறு குறை சொல்ல வேண்டாம். இரவில் போன் பெரியவர்கள் படுக்கும் பக்கத்தில் சார்ஜ் ஆகட்டும். ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கும் வீட்டில் இது மிக அவசியம், போர்வைக்குள் போன் எரிந்தால் வெளியே வெளிச்சம் தெரியாது.

காசு விஷயத்தில் தாமதம் வேண்டாம். ப்ளே ஸ்டோரில் மேலே உள்ள படத்தைத் தட்டி, செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அந்தக் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. 'பாதி விலைக்கு டைமண்ட்' என்று வருபவர்கள் ஐடியின் கடவுச்சொல்லையோ போனுக்கு வரும் ஓடிபியையோ கேட்பார்கள். கொடுத்தால் ஐடி பறிபோகும், வங்கிக் கணக்கு அதே போனில் இருந்தால் அதற்கும் ஆபத்து.

பெண்பிள்ளைகள் பலர் மைக்கை அணைத்துவிட்டு ஆண் பேரில் ஆடுவது, குரல் கேட்டதும் தொடங்கும் தொல்லையால்தான். கில்ட் 'அண்ணன்' வாட்ஸ்அப் எண், படம், தனி அழைப்பு என்று நகர்ந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பிளாக் செய்யச் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை சொல்லாது. மிரட்டல் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. அதிக நேரம் ஆடுவது மட்டும் அதற்குப் போதாது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளுதல், கெடுதல் கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து படிப்பையோ குடும்பத்தையோ வேலையையோ கடுமையாகப் பாதிக்க வேண்டும், அதுவும் பொதுவாக 12 மாத அளவில். கடுமையாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு விட்டு, பள்ளிக்கும் போகாமல், சாகப்போவதாகப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டால், இரண்டு வாரத்துக்குத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஆடிய மேட்ச், போகாத பள்ளி நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கொண்டு வந்தால் போதும். தொலைபேசியில் பேச வேண்டுமானால், தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.