புல்மோட்டை மணலுக்குள் இருக்கும் புகை

திருகோணமலையிலிருந்து வடக்கே போய்ப் புல்மோட்டைக் கரையில் இறங்கினால் மணல் கறுத்துக் கிடக்கும். அது இல்மனைட்டு; இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இதற்கோ ஏறத்தாழ 4.7. அலை ஏறி இறங்கும்போது இலேசான மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், பாரமானது கரையிலேயே தங்கிவிடும். ‘இதை ஏன் அப்படியே கப்பலில் ஏற்றுகிறோம், இங்கேயே டைட்டானியம் எடுத்தால் என்ன?’ என்று கேட்காதவர் ஊரில் குறைவு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மணலுக்கும் பளபளக்கும் உலோகத்துக்கும் நடுவே டைட்டானியம் நாற்குளோரைட்டு என்ற திரவம் நிற்கிறது. அதன் குணம் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான், நிறமே இல்லை. போத்தலைக் கையில் தூக்கினால்தான் வித்தியாசம் தெரியும்: ஒரு லீற்றர் 1.7 கிலோவுக்கு மேல் நிறுக்கும். 136 பாகை செல்சியசில் கொதிக்கும். உலோகக் குளோரைட்டு என்றால் கறியுப்பைப் போலத் திண்மமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். இதில் நடுவிலுள்ள ஒரு டைட்டானியம் அணுவை நான்கு குளோரீன் அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்து நிற்கின்றன. மூலக்கூறுகள் தனித்தனியே இருப்பதாலும், ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காததாலும் திரவமாகவே கிடக்கிறது, எளிதில் ஆவியாகிறது.

மூடியைத் திறந்ததும் போத்தலின் வாயிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். எரிவதால் வரும் புகையல்ல அது. நான்கு குளோரீன்களோடு டைட்டானியம் திருப்திப்படுவதில்லை. அதைச் சுற்றி இன்னும் இரண்டு அணுக்களுக்கு இடமுண்டு, ஒட்சிசன் என்றால் அதற்கு ஒரு தனி மோகம். காற்றிலுள்ள நீராவியின் ஒட்சிசன் அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ள, குளோரீன்கள் ஐதரசனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. கடைசியில் மிஞ்சுவது டைட்டானியம் ஈரொட்சைட்டின் நுண்துகள்களும் ஐதரசன் குளோரைட்டு வாயுவும். உயர்தர வகுப்பில் சிலிக்கன் நாற்குளோரைட்டு நீருடன் தாக்கமுறுவதைப் படித்தவர்களுக்கு இது அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று விளங்கும். ஈரப்பதன் கூடிய கடற்கரை ஊரில் புகை இன்னும் தடிப்பாகவே வரும்.

இரண்டு உலகப் போர்களிலும் கப்பல்களையும் படைகளையும் மறைக்கும் புகைத்திரைக்கு இதைப் பயன்படுத்தினார்கள். விமானத்திலிருந்து வானத்தில் எழுத்து எழுதவும் உதவியது. மனிதர் சுவாசிக்கும் இடத்தில் இப்படி ஒரு புகையை விட யாருக்குத்தான் மனம் வந்ததோ!

கணக்கைப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் திரவம் முழுவதும் நீருடன் தாக்கமுற்றால் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 90 லீற்றர் ஐதரசன் குளோரைட்டு வரும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அது ஐதரோகுளோரிக் அமிலமாகிவிடும். கூடுதலாகச் சுவாசித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தோலில் பட்டாலோ அமிலத்தோடு சூடும் சேர்ந்து சுடுகிறது. அமிலம் பட்டால் உடனே தண்ணீர் ஊற்று என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இங்கே முதலில் உலர்ந்த துணியால் விரைவாக ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். திரவம் தோலில் இருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அங்கேயே கொதிக்க வைத்தது போலாகும். நிலத்தில் சிந்தினாலும் தண்ணீர் கூடாது, உலர்ந்த மணலைப் போட்டு மூடுவார்கள்.

ஆய்வுகூடத்தில் தொல்லை வேறு விதமாகவும் வரும். ஊசிக்குழலின் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு துளி காற்றுப் பட்டு வெள்ளைக் கட்டியாகி அடைத்துவிடும். அதைத் தள்ளிப் பார்க்கலாம் என்று அழுத்துவதுதான் ஆபத்து: ஊசி கழன்று திரவம் முகத்தில் பீச்சியடிக்கலாம். கண்ணாடி மூடியும் இப்படித்தான் இறுகிப்போகும். அதனால் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைதரசன் வாயுவை நிரப்பி, புகை இழுக்கும் அலுமாரிக்குள் வைத்தே கையாளுவார்கள்.

இவ்வளவு முரட்டுக் குணத்தோடும் இதை யாரும் கைவிடவில்லை, அந்த ஒட்சிசன் மோகமே அதன் பயன் என்பதால். காபனை அடிப்படையாகக் கொண்ட சேதனச் சேர்வையிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து இழுத்து, பக்கத்துக் காபன் அணுவைத் தாக்கத்துக்குத் தயாராக்கும். யப்பானிய இரசாயனவியலாளர் முகையாமா 1973இல் வெளியிட்ட, இரண்டு சேதனச் சேர்வைகளைக் காபனோடு காபனாக இணைக்கும் அல்டோல் தாக்கம் இதில்தான் ஓடுகிறது. அலுமினியம் அல்கைல் சேர்வைகளோடு சேர்த்தால் எதிலீனைச் சங்கிலியாகக் கோத்துப் பொலித்தீனாக்கும். அந்த வகை ஊக்கிகளுக்காக இரசாயனவியலாளர்கள் சீக்லரும் நாட்டாவும் 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். உயர் வெப்பநிலையில் ஒட்சிசனோடு எரித்தால் சுவர்ப் பெயின்டின் வெள்ளை நிறமி. மக்னீசியத்தோடு சூடாக்கினால் கடற்பஞ்சு போலத் துளைத்துளையான டைட்டானியம் உலோகம். உலோகவியலாளர் குரோல் கண்ட வழி இது.

இனிப் புல்மோட்டைக்கு வருவோம். இத்திரவத்தைச் செய்ய, கனியத்தைக் காபனோடு சேர்த்து ஏறத்தாழ 1000 பாகையில் குளோரீன் வாயுவைச் செலுத்த வேண்டும். தூய இல்மனைட்டில் டைட்டானியம் ஈரொட்சைட்டு பாதிக்குச் சற்று மேல், 52.6 சதவீதம்தான். மீதி இரும்பு ஒட்சைட்டு. அந்த இரும்பும் குளோரீனைக் குடித்து இரும்புக் குளோரைட்டாக வெளியே வரும், அதை எங்கே கொட்டுவது? மின் உலையில் உருக்கி முதலில் இரும்பைப் பிரிக்கலாம், அதற்கு மின்சாரம் மலைபோல் வேண்டும். கனியத்தில் சிறிதளவு கலந்திருக்கும் வனேடியம் என்ற உலோகமும் தொந்தரவு தரும்: அதன் குளோரைட்டுச் சேர்வை ஏறத்தாழ 127 பாகையில் கொதிப்பதால் காய்ச்சி வடித்தாலும் முழுதாகப் பிரியாமல் திரவத்தை மஞ்சளாக்கிவிடும், தனியாக நீக்க வேண்டும். ஆகவே தொழிற்சாலை கட்டுவோம் என்று யாராவது மேடையில் முழங்கினால், குளோரீன் எங்கிருந்து, மின்சாரம் எங்கிருந்து, இரும்புக் கழிவு அருகிலுள்ள கொக்கிளாய்க் களப்புப் பக்கம் போகாமல் தடுப்பது யார் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நான் கைதட்டுவேன்.