பென்சில்வேனியாவில் வான்கோழி வேட்டை உரிமம்: விசாவில் இருப்பவர்கள் எங்கே சிக்குகிறார்கள்?

மார்ச் மாதத்தில் சேர்ந்தாற்போல் சில நாள் வெயில் அடித்தாலே போதும், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் காட்டு வான்கோழிச் சேவல்கள் விடியுமுன் மரக்கிளையில் இருந்தபடியே கூவத் தொடங்கிவிடும். அந்தக் கூவலைக் கேட்டு வேட்டைக்காலம் வந்துவிட்டது என்று எண்ணிக் கடைசி நேரத்தில் உரிமத்துக்கு ஓடுபவர்களும், உரிமமே இல்லாமல் நண்பரின் துப்பாக்கியோடு காட்டுக்குள் இறங்குபவர்களும் நம்மவர்களிலும் இருக்கிறார்கள்.

இப்பறவைகளின் இனப்பெருக்கத்தைத் தூண்டுவது பகல் நீள்வதுதான். வானிலை அதைச் சற்று முன்னோ பின்னோ தள்ளும். பலத்த காற்றும் மழையும் உள்ள நாளில் சேவல்கள் அடங்கிக் கிடக்கும், குளிர் நீடித்தால் பெட்டைகள் முட்டையிடத் தாமதிக்கும். பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து முடித்து அடையில் அமரும் காலத்தைக் கணக்கிட்டே, மாநில வேட்டை ஆணையம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையோ மே முதல் சனிக்கிழமையோ வசந்தகால வேட்டைப் பருவத்தைத் திறக்கிறது. முன்கூட்டியே வெப்பம் வந்தாலும் ஏப்ரலில் பனி கொட்டினாலும் அறிவித்த தேதி நகராது. பருவத்தின் முற்பகுதியில் நண்பகலோடு வேட்டையை நிறுத்த வேண்டும் என்ற விதியும் அடைகாக்கும் பெட்டைகளைக் கலைக்காமல் இருப்பதற்காகத்தான்.

முதன்முறை உரிமம் வாங்குபவர், வயது எதுவானாலும், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். வேறொரு மாநிலத்தில் முன்பே உரிமம் பெற்றிருந்தால் அதைக் காட்டலாம், ஆனால் பழைய சான்றைத் தேடி எடுப்பதற்குள் பருவமே போய்விடும் என்பதால் அதைக் குளிர்காலத்திலேயே தேடி வையுங்கள். மாநிலத்துக்குக் குடிவந்து முப்பது நாள் ஆகாதவர் வெளிமாநிலத்தவராகவே கருதப்படுவார். அவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. பொது உரிமத்தோடு, இந்தப் பருவத்தில் ஒரு வான்கோழிக்கான சீட்டு சேர்ந்தே வரும். இரண்டாவது பறவைக்கான தனி உரிமத்தைப் பருவம் திறக்குமுன் வாங்கிவிட வேண்டும், திறந்த பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது.

இவையெல்லாம் அலைச்சலோடும் பணத்தோடும் போய்விடும். விசா தொடர்பான பொறி அப்படிப்பட்டதன்று. எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. அந்தத் தடைக்கான விலக்குகளில் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே இந்த உரிமத்தை வெறும் வேட்டைச் சீட்டாக எண்ணிவிடாதீர்கள். துப்பாக்கியைத் தொடுவதற்கே உங்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதுதான். தங்கும் காலம் முடிந்தும் நாட்டில் இருப்பவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடையே இல்லை.

இதைத் தெளிவாகச் சொல்லும் அலுவலகம் ஒன்றைக் காண்பது அரிது. கடைக்காரர் ஆணையத்தைக் கேட்கச் சொல்வார். ஆணையத்தில் உள்ளவர் அது கூட்டாட்சிச் சட்டம் என்று கைவிரிப்பார். கூட்டாட்சி அலுவலகத்தை அழைத்தால் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்வார்கள். மீறினால் பதினைந்து ஆண்டுவரை சிறையும் அதன்பின் நாடுகடத்தலும் நேரக்கூடிய ஒரு விதியை, உரிமம் விற்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்குக்கூட எவருக்கும் மனம் வரவில்லை.

துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் தற்காலிக விசாவில் வந்தவரா என்றும், விலக்கு உண்டா என்றும் அடுத்தடுத்துக் கேட்பார்கள். அவசரத்தில் முதல் கேள்விக்கு இல்லை என்று குறித்துவிட்டால், பொய்த் தகவல் தந்ததாகத் தனி வழக்கே வரும். ஐ-94 எனப்படும் நாட்டுக்குள் நுழைந்த பதிவின் எண்ணையும் வேட்டை உரிமத்தின் நகலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பியோ மாமனாரோ உங்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால், உறுதியாக மறுத்துவிடுங்கள். கையில் பிடித்திருப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம், அவர்களிடம் உரிமம் இருக்காது.

இந்தப் பருவத்தில் சுடக்கூடியது தாடி, அதாவது நெஞ்சில் தொங்கும் முடிபோன்ற இறகுக்கற்றை, உள்ள பறவையை மட்டுமே. அரிதாகப் பெட்டைக்கும் தாடி முளைக்கும். சட்டம் அனுமதித்தாலும் அதை விட்டுவிடுமாறு ஆணையமே கேட்டுக்கொள்கிறது. குரல் கொடுத்துப் பறவையை வரவழைக்க வேண்டுமே தவிர, கூவல் வரும் திசையில் பதுங்கிச் செல்லக்கூடாது, ஏனெனில் அந்தக் கூவல் வேறொரு வேட்டைக்காரருடையதாகவும் இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவை சேவலின் தலை நிறங்கள் என்பதால் அவற்றை உடுத்தாதீர்கள். சுட்ட பறவையை அந்த இடத்திலிருந்து நகர்த்துமுன் சீட்டை நிரப்பி அதன்மேல் கட்ட வேண்டும், பத்து நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

வசந்தகால வான்கோழிப் பருவம் மே மாதத்தோடு முடிவதால் உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஜூன் 30 அன்று காலாவதியாகும். வேறு உரிமம் இல்லாத நிலையில் ஜூலை 1 அன்று அலமாரியில் பூட்டியிருக்கும் அதே துப்பாக்கி, தற்காலிக விசாவில் இருப்பவருக்குக் கூட்டாட்சிக் குற்றமாகிவிடும். புதிய ஆண்டுக்கான உரிமம் ஜூன் மாதத்திலேயே விற்பனைக்கு வரும், அடுத்த வேட்டைக்கு எத்தனை மாதம் இருந்தாலும் அப்போதே வாங்கிவிடுங்கள்.