எத்தனை அங்குலம் என்பதை விட்டுக் காற்றைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பிளூமிங்டன்–நார்மல் என்ற இரட்டை ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றிவரும்: "நாளைக்கு எத்தனை அங்குலம் பனியாம்?" எட்டு அங்குலம் என்றால் பாலும் ரொட்டியும் வாங்கிவைத்து வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். ஒரு அங்குலம் என்றால் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பியோரியாவுக்கோ ஷாம்பெய்னுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊர்கள் இருக்கும் மெக்லேன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) அவசர சிகிச்சை மருத்துவராகப் பல குளிர்காலங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எட்டு அங்குலம் பெய்த நாளில் எங்களிடம் வருகிறவர்களில் பலர் வழுக்கி விழுந்தவர்கள் அல்லது பனியை அள்ளும்போது நெஞ்சுவலி கண்டவர்கள். குளிரில் உறைந்து விரல் போகும் நிலையில் வந்தவர்கள் என்று நினைத்துப் பார்த்தால், கண் முன்னே வருபவர்கள் எல்லாரும் கொஞ்சமாகப் பனி பெய்து காற்று பேயாக வீசிய நாட்களில் வந்தவர்கள்.

இந்தக் கவுண்டியின் தரையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். இல்லினாய் மாநிலத்திலேயே பரப்பளவில் பெரிய கவுண்டி இது. இரண்டு ஊர்களையும் தாண்டிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. அக்டோபர், நவம்பரில் அறுவடை முடிந்ததும் அந்த வயல்களில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. காற்றாலைகளை இங்கே வரிசை வரிசையாக நட்டிருப்பதும் அதனால்தான். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும் காற்று, வயலில் கிடக்கும் பனியையெல்லாம் கிளப்பிக்கொண்டு சாலையில் வந்து கொட்டும். தெற்கு வடக்காக ஓடும் சாலைகள்தான் முதலில் அடைபடும். நார்மலிலிருந்து எல் பாசோவை நோக்கி வடக்கே போகும் ஐ-39 நெடுஞ்சாலையில் காற்று நாளில் போனவர்களுக்கு இது தெரியும்.

உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில், அதாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில், பெய்யும் பனி ஈரமாக இருக்கும். விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். 10 டிகிரியில் பெய்யும் பனி உலர்ந்த மாவு. மணிக்கு 25, 30 மைல் வேகக் காற்று வந்தால் அது தரையோடு தரையாக ஓடத் தொடங்கும். ஆடிக்காற்றில் ஆற்றுமணல் முழங்காலில் வந்து அறைவதை அனுபவித்தவர்கள், அதையே இடுப்புயரத்துக்கு, வெள்ளையாக, கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்த்தால் வானம் நீலமாக இருக்கும். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரியாது. வானிலை ஆய்வாளர்கள் இதைத் தரைப் பனிப்புயல் என்கிறார்கள். பனிப்புயல் என்று அறிவிப்பதற்கு அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை வைத்திருக்கும் அளவுகோலில் அங்குலக் கணக்கே கிடையாது. மணிக்கு 35 மைலோ அதற்கு மேலோ காற்று, கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தூரம், இவை மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். புதிதாக ஒரு துளி பனி பெய்யாவிட்டாலும் அது பனிப்புயல்தான்.

2022 டிசம்பர் 22ஆம் தேதியை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. காலையில் உறைநிலையை ஒட்டி இருந்த வெப்பநிலை இரவுக்குள் பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்கும் கீழே போய்விட்டது. மத்திய இல்லினாயின் பல இடங்களில் பெய்தது ஓரிரு அங்குலம்தான். ஆனால் அன்றும் மறுநாளும் காற்று விடாமல் அடித்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் அங்குலத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு காற்று நாளில் எங்களிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நெடுஞ்சாலை மெதுவாகப் போகிறது என்று செல்பேசியின் வழிகாட்டி அவரைக் கிராமத்துச் சாலைக்குத் திருப்பிவிட்டது. சாலையின் குறுக்கே குவிந்திருந்த பனியில் மோதி கார் பள்ளத்தில் இறங்கியது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்ரோலும் இருந்தது. தூரத்தில் ஒரு பண்ணைவீட்டின் முற்றத்து விளக்கு தெரிந்தது. அந்தச் சமவெளியில் விளக்கு எப்போதும் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். அதை நம்பி இறங்கி நடந்தார். பாதி வழியில் பனி கிளம்பி விளக்கு மறைந்துவிட்டது. கையுறையோடு செல்பேசியின் திரை வேலை செய்யாததால் வலது கையுறையைக் கழற்றி, நின்று நின்று அழைத்துப் பார்த்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது மற்ற விரல்களில் உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. திரையைத் தொட்ட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மெழுகுபோல் விறைத்து, தட்டினால் மரக்கட்டைச் சத்தம் கேட்டது. "வலிக்கவே இல்லை டாக்டர், அதனால் பயப்படவில்லை" என்றார். கடுங்குளிரில் தோலும் திசுவும் உறைந்துபோகும் பனிக்கடியில் வலி நின்றுபோவதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி.

நம் தோலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்குள்ள துண்டறிக்கைகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. பனிக்கடியின் முதல் கட்டத்தில் தோல் சிவக்கும் என்று எழுதியிருப்பார்கள். படத்திலும் வெள்ளைத் தோல்தான் இருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல வெளிறுவதைப் பாருங்கள். காது மடல், மூக்கு நுனி, கன்னம், விரல் நுனி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். மரத்திருந்தாலோ, கெட்டியாக வழவழவென்று இருந்தாலோ உடனே உள்ளே போய்விடுங்கள்.

போனபின் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய், தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்ப்பது நம் கை பழக்கம்; உறைந்த திசுவில் அது கண்ணாடித் தூளை வைத்து அரைப்பதற்குச் சமமான சேதத்தைச் செய்யும். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள், மரத்த விரல் சுடுவதை உணராது. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் உள்ள வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். உங்கள் முழங்கைக்கு இதமாக இருக்கும் சூடு அது. உணர்வு திரும்பும்போது வலி உயிர் போகும்; அது நல்லது. மறுபடியும் குளிரில் நடக்க வேண்டிய நிலை இருந்தால் மட்டும் இளக வைக்காதீர்கள். இளகி மீண்டும் உறைந்த விரலைக் காப்பாற்றுவது கடினம்.

காற்றுக் குளிர் என்ற கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உடலைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த இழப்பைத்தான் அந்த எண் சொல்கிறது. இப்போது பயன்படுத்தும் சூத்திரம் 2001இல் வந்தது. வெப்பநிலை பூஜ்யம் ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் மைனஸ் 18, என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 மைல் காற்றில் அது உடலுக்கு மைனஸ் 11 ஃபாரன்ஹீட். 15 மைலில் மைனஸ் 19. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையும். 35 மைலில் மைனஸ் 27. பள்ளிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைக்கு முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. செல்பேசித் திரையிலோ அன்று முழுவதும் பெரிய எழுத்தில் தெரிவது பூஜ்யம் மட்டும்தான்.

நமக்கான முன்னறிவிப்பு எழுதப்படுவது இங்கிருந்து தென்மேற்கே இருக்கும் லிங்கன் ஊரில், தேசிய வானிலைச் சேவையின் அலுவலகத்தில். அவர்களுடைய தளத்தில் உங்கள் ஊரைத் தட்டினால் மணிவாரியான வரைபடம் கிடைக்கும். அதில் வெப்பநிலைக் கோட்டை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: காற்றின் வேகம், திடீரென்று எகிறும் அதன் வீச்சு, காற்றுக் குளிர். பனி நின்ற பிறகு காற்று ஏறுகிறதா என்று பார்ப்பது முக்கியம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பனி ஓய்ந்தது, கிளம்பலாம் என்று நாம் சாவியை எடுக்கும் நேரத்தில்தான் குளிர்முகம், அதாவது குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து காற்று எகிறும். நேரமிருந்தால் முன்னறிவிப்பாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்பையும் படியுங்கள். எதில் உறுதியாக இருக்கிறார்கள், எதில் சந்தேகம் என்பதை மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் வெளியிடும் குளிர்காலப் புயல் தீவிரக் குறியீட்டில், பனியளவு ஒரு கூறு. கிளம்பும் பனிக்கும் தரைப் பனிப்புயலுக்கும் தனித்தனிக் கூறுகள் வைத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கைப் பெயர்களில் ஒரு மாற்றம். 2024 அக்டோபரிலிருந்து 'காற்றுக் குளிர் எச்சரிக்கை' என்ற பெயரில் எதுவும் வராது. 'கடுங்குளிர் எச்சரிக்கை' என்றே வரும்; காற்றுக் கணக்கும் அதற்குள் அடங்கிவிட்டது. திடீரென்று காற்றோடு அடர்ந்து கொட்டும் பனிக்கான பனிச்சாரல் எச்சரிக்கை என்று ஒன்று செல்பேசியில் அலறினால், அது அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்கானது. சாலையில் இருந்தால் அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிவிடுங்கள். இன்னும் கிளம்பவில்லை என்றால் கிளம்பாதீர்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவர வரைபடத்தையும் பாருங்கள். ஆனால் அதில் தெரிவது மாநிலம் பராமரிக்கும் சாலைகள்தான். கவுண்டிச் சாலையும் டவுன்ஷிப் சாலையும் வேறு வேறு ஆட்கள் கையில் இருக்கின்றன. காற்று ஓயாதவரை அங்கே பனியைத் தள்ளிப் பயனில்லை என்பதால் அந்த வண்டிகளையே திருப்பி அழைத்துக்கொள்வதும் உண்டு. காற்று நாளில் வழிகாட்டிச் செயலி காட்டும் குறுக்குவழியில் போகாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் போதும். ஓட்டுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். காற்று பனியைக் கொண்டுவந்து குழாயை மறுபடி மறுபடி மூடும். மூடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்பா பனி அள்ளும்போது பிள்ளைகள் சூடாக இருக்கட்டும் என்று ஓடும் காரில் உட்காரவைப்பது, பார்க்க அக்கறையாகத் தெரிந்தாலும், செய்யவே கூடாத காரியம்.

இதே ஆபத்து வீட்டிலும் உண்டு. புதிய வீடுகள் பலவற்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகை கூரை வழியாகப் போவதில்லை. பக்கச் சுவரில் தரையிலிருந்து சிறிது உயரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாயாக வெளிவருகிறது. நம்மில் பலருக்கு அது எந்தச் சுவரில் இருக்கிறது என்றே தெரியாது. ஒரு அங்குலப் பனியையும் காற்று அந்த மூலையில் மூன்றடியாகக் குவித்துவிடும். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓம வாட்டர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். உடனே எல்லாரும் வெளியே வந்து அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டும், நம்பாதீர்கள். ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்தறிய அந்தக் கருவிக்குத் தெரியாது. படுக்கையறை ஒவ்வொன்றிலிருந்தும் 15 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது இல்லினாயில் 2007 முதல் சட்டம். வாடகை வீட்டுக்கும் அது பொருந்தும். இன்று இரவே அந்தப் பொத்தானை அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

பேறுகாலத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பா, மாமியார், மாமனாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஐம்பது வருடமாகக் காலை நடையை விடாதவர்கள் அவர்கள். வெயில் பளிச்சென்று அடிக்கிறதே என்று மங்கி குல்லாவும் பருத்திக் காலுறையுமாகக் கிளம்பிவிடுவார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குக் கால் உறைவது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும். அவர்களுக்கு வெப்பநிலையைச் சொல்லாமல் காற்றுக் குளிரைச் சொல்லுங்கள். நடக்க வேண்டுமென்றால் மாலுக்கு அழைத்துப் போங்கள்.

அப்படி ஏதாவது ஆகிவிட்டால், பயணக் காப்பீடு இதற்குப் பணம் தருமா என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் மாலை அழைத்து வருகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. பில்லைக் கண்டு பயப்படாத குடும்பம் இல்லை. ஆனால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமல் அவசரப் பிரிவில் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. கட்டணத்தைப் பற்றி மருத்துவமனையின் நிதி உதவிப் பிரிவிடம் பிறகு பேசலாம். கடுமையான பனிக்கடியில் விரலுக்குப் போகும் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்துவிடும். அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். ரத்தக் குழாய்களை விரிக்கும் இலோபுரோஸ்ட் என்ற மருந்துக்கும் 2024 பிப்ரவரியில் இங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் இவை இருக்காது. பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கும் நேரம் பிடிக்கும். ஆகவே விரல் மரத்து, வெளிறி, வெதுவெதுப்பான நீரில் வைத்த பிறகும் நிறமும் உணர்வும் திரும்பவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே வாருங்கள். சாலை மோசமாக இருந்தால் நீங்கள் ஓட்டாதீர்கள், 911ஐ அழையுங்கள்.