இக்குமென்: ஜப்பான் அரசு சூட்டிய ஒரு பட்டத்தின் கதை

‘இக்குமென்’ என்பது குழந்தை வளர்ப்பில் மனமுவந்து பங்கெடுக்கும் தந்தையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். ‘இக்குஜி’ என்றால் குழந்தை வளர்ப்பு. அதன் முற்பாதியோடு, ஆண்களைக் குறிக்கும் ஆங்கில ‘மென்’ ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்கும் ஜப்பானியருக்கு உடனே இன்னொரு சொல் நினைவுக்கு வரும்: ‘இக்கெமென்’, அதாவது அழகன். இரண்டுக்கும் ஓர் உயிரொலிதான் வேறுபாடு. பிள்ளையைத் தூக்கிச் சுமப்பவனும் அழகன்தான் என்று கண்சிமிட்டும் சிலேடை இது. விளம்பரக்காரர்களின் மூளை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இப்படிச் சிலேடையால் மயக்கிப் பார்ப்பதற்கு முன் அரசு அதட்டியும் பார்த்திருக்கிறது. 1999இல் சுகாதார அமைச்சகம், நடனக் கலைஞர் சாம் தன் குழந்தையை ஏந்தியிருக்கும் படத்தைப் போட்டு, ‘குழந்தை வளர்க்காத ஆணைத் தந்தை என்று அழைப்பதில்லை’ என்று சுவரொட்டி வெளியிட்டது. ஊரெங்கும் அதே பேச்சு. ஆனால் பேச்சோடு சரி. 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, குழந்தை வளர்ப்பு விடுப்பு ஆண்களுக்கும் உண்டு. 1996இல் அதை எடுத்த தந்தையர் 0.12 சதவீதம்.

2010 இந்தச் சொல்லுக்குப் பொற்காலம். அந்த ஏப்ரலில் தோக்கியோவின் புங்க்யோ வட்டத் தலைவர் நரிசவா ஹிரோநொபு, உள்ளாட்சித் தலைவர்களில் முதல் ஆளாக இந்த விடுப்பில் போனார். ஜூனில் தொழிலாளர் நல அமைச்சகம் ‘இக்குமென் திட்டம்’ என்றே பெயரிட்டு இயக்கம் தொடங்கியது. ஆண்டு முடிவில் அவ்வாண்டின் புதுச்சொற்கள் பத்தில் ஒன்றாகவும் இது தேர்வானது. விடுப்பு எடுத்த ஆண்களோ 1.38 சதவீதம்தான்.

பட்டம் கிடைத்தும் ஆண்கள் ஏன் நகரவில்லை? பணம் மட்டும் காரணமில்லை. விடுப்புக் காலத்தில் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை வருகிறது. இப்போது விடுப்பின் முதல் 180 நாட்களுக்குச் சம்பளத்தில் 67 சதவீதம். தந்தையருக்கான விடுப்பு உரிமையில் ஜப்பானே முதலிடம் என்று 2021இல் யுனிசெப் மெச்சியது. தடை அலுவலகத்தில் இருந்தது. மேலாளர் முன் நின்று, ‘எனக்கு விடுப்பு வேண்டும்’ என்று முதலில் வாய் திறக்கவேண்டியவர் ஊழியர். திறந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகலாம், வெளியூர் மாற்றல் வரலாம், சக ஊழியர் தலையில் வேலை விழலாம். இப்படித் தந்தையரைத் துன்புறுத்துவதற்கு ‘பாத்தாஹரா’ என்று தனிப்பெயரே உண்டு. கருவுற்ற பெண்களுக்கு நேரும் ‘மத்தாஹரா’வின் தம்பி அது.

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. குழந்தை பிறக்கப்போவதாக ஊழியர் தெரிவித்தால், விடுப்பைப் பற்றி விளக்கி, எடுக்க விருப்பமா என்று கேட்கவேண்டியது நிறுவனத்தின் கடமை. அக்டோபரில் பிறப்புக்குப் பின் எட்டு வாரங்களுக்குள் நான்கு வாரம் எடுக்கும் ‘தந்தையர் விடுப்பு’ சேர்ந்தது. மறு ஆண்டிலிருந்து, ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்களிடம் விடுப்பு எடுக்கும் தந்தையரின் விகிதத்தை ஊரறிய வெளியிடவேண்டியதாயிற்று. நாடு முழுவதும் 2020இல் 12.65 சதவீதமாக இருந்த விகிதம் 2023இல் 30.1, 2024இல் 40.5. பத்தாண்டுகளாகச் சிலேடை செய்யாததைச் சட்டம் இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்துவிட்டது என்றே நான் கணக்குப் பார்க்கிறேன்.

எடுத்தவர் எல்லாரும் வளர்த்தார்களா என்பது வேறு கேள்வி. 2023 கணக்குப்படி 37.7 சதவீத ஆண்கள் இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதை ‘எடுத்ததோடு சரி விடுப்பு’ என்று மனைவிமார் கிண்டல் செய்கிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில், வீட்டுவேலைக்கும் பிள்ளைக்குமாக மனைவி நாளுக்கு 7 மணி 28 நிமிடம் செலவிடுகிறார். கணவர் 1 மணி 54 நிமிடம். இது 2021 அரசு ஆய்வு. அந்த ஏழரை மணி நேரத்துக்குப் பட்டப்பெயர் எதுவும் யாரும் சூட்டவில்லை. இக்குமென் என்ற சொல் பலருக்குக் கசந்ததற்கு அதுவே காரணம். 2025இல் அமைச்சகமே அந்தப் பெயரை விட்டு, ‘சேர்ந்து வளர்த்தல்’ என்ற பொருளில் ‘தொமோஇக்கு’ என்று புதுத் திட்டம் தொடங்கியது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘வளர்ப்புத் தந்தை’ கூடாது. அது தத்தெடுத்தவரைக் குறிக்கும். ‘பேணும் தந்தை’ எளிது, எவருக்கும் புரியும். இன்னும் பழைய சொல் ஒன்றும் இருக்கிறது. ‘ஈன்று புறந்தருதல் என்றலைக் கடனே’ என்கிறாள் புறநானூற்றுத் தாய்; புறந்தருதல் என்றால் பேணி வளர்த்தல். அடுத்த அடியில் தந்தைக்கு அவள் ஒதுக்குவது மகனைச் சான்றோன் ஆக்கும் வேலை. தாயின் கடமைப் பட்டியலில் இருந்த வினையை எடுத்துத் தந்தைக்குச் சூட்டி, ‘புறந்தரு தந்தை’ என்று கட்டுரைகளில் எழுதலாம். அழகன் சிலேடை தமிழுக்கு வராது. வராமல் போனால் நட்டமில்லை.

விடுப்புக்கான ‘இக்குக்யூ’வில் உள்ள ‘க்யூ’ ஓய்வைக் குறிப்பதால், தோக்கியோ மாநகர அரசு 2022இல் அதை ‘இக்குகியோ’, அதாவது வளர்ப்புப் பணி, என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியது. நம் ‘விடுப்பு’ ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது. அதில் ஓய்வுச் சாயல் இல்லை என்பதால், ‘குழந்தை வளர்ப்பு விடுப்பு’ என்பதே போதும்.